குள்ளர்கள் வாழ்ந்த கல்வீடு: ஒடுகத்தூர் வழியாக மூன்று நாள் ஜவ்வாது மலைப் பயணம்

மத்தியதரைக் கடலில் இத்தாலிக்குச் சொந்தமான சார்டீனியா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பாறைகளைக் குடைந்து செய்த சின்னச் சின்ன அறைகள் 3,500-க்கும் மேல் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அவற்றை 'தோமுஸ் தே யானாஸ்' என்கிறார்கள். 'தேவதைகளின் வீடுகள்' என்று அர்த்தம். ஆள் குனிந்து நுழையவே சிரமப்படும் அளவுக்கு வாசல் சின்னது என்பதால், உள்ளே குட்டித் தேவதைகள் வாழ்ந்ததாகப் பாட்டிமார் கதை சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை 5,000 ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த மக்களின் கல்லறைகள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த வாரம், 'வாழ்வில் ஒருமுறையாவது போக வேண்டும்' என்று நம்மவர்களும் படங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

போகலாம், தப்பில்லை. ஆனால் அதே கதை, அதே மாதிரி குட்டி வாசல், அதே மாதிரி 'வீடு' என்ற பெயருடன் வேலூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு பாஸ்போர்ட் வேண்டாம். ஜவ்வாது மலையின் கீழ்செப்பிளியில் வரிசையாக நிற்கும் கல்திட்டைகளை அந்த மலைமக்கள் 'வாலியர் வீடு' என்கிறார்கள். வாலியர்கள் என்போர் ஒரு காலத்தில் அந்த மலையில் வாழ்ந்த குள்ளமான மனிதர்களாம். சார்டீனியப் பாட்டியும் ஜவ்வாதுப் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சின்ன வாசலைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரே கற்பனை வந்திருக்கிறது.

இந்த வாரம் அங்கேதான் போகிறோம். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும் மூன்று நாள் பயணம். ஏன் வெள்ளிக்கிழமை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

வெள்ளி: ஒடுகத்தூர் சந்தை

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாகப் பேருந்து ஏறினால் ஒடுகத்தூர். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வருபவர்கள் மாதனூரில் திரும்பியும் வரலாம். இது ஒரு பேரூராட்சி. சுற்றுலாப் பிரசுரங்களில் இந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் வேலூர் மாவட்டத்து ஜவ்வாது மலைக்கு வாசற்படி இந்த ஊர்தான். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளின் மக்கள் மருந்து வாங்க, மளிகை வாங்க, விளைந்ததை விற்க, பேருந்து பிடிக்க இறங்கி வருவது இங்கேதான்.

வெள்ளிக்கிழமை இங்கே ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே தொடங்கிவிடும். வெளியூர் வியாபாரிகள் வண்டிகளோடு வந்து நிற்பார்கள். கிராமத்திலிருந்தும் மலையிலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கும். பக்ரீத், தீபாவளி, பொங்கல் நெருங்கும் வாரங்களில் கூட்டம் பல மடங்கு. ஆட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது, தூக்கி எடையை மனதிலேயே கணக்குப் போடுவது, விலை படியவில்லையென்றால் கோபித்துக்கொண்டு பத்தடி போய்த் திரும்பி வருவது என இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்தாலும் அலுக்காது. குழந்தைகளை அழைத்துப் போனால் ஆட்டுக்குட்டி வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஊரை ஒட்டி ஓடும் உத்தரகாவேரி, ஜவ்வாது மலையில் பிறந்து கீழே பாலாற்றில் சேரும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஒரே இரவில் செந்நிறத்தில் பொங்கி வரும். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் ஆற்றில் இறங்கி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். மலை மேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நேரம் இருந்தால், வேலூரிலிருந்து வரும் வழியில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். மதில் அழகுக்குப் பேர் போன கோயில் இது. உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணின் மேல் விழுகிறதோ அதுதான் மணி. கைப்பேசியில் நேரம் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதைச் சரிபார்ப்பதற்காகவே அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். மேகமூட்டமான நாளில் போனால் கல் சும்மா இருக்கும்.

பீஞ்சமந்தை ஏற்றம்

மதியச் சாப்பாடு முடித்து, முத்துக்குமரன் மலை அடிவாரத்திலிருந்து பீஞ்சமந்தைக்கு ஏறலாம். கொண்டை ஊசி வளைவுகளும், இருபுறமும் காடும், கீழே தூரத்தில் பாலாற்றுச் சமவெளியும் தெரியும் பாதை. காட்சி அழகுதான். ஆனால் இந்தப் பாதையை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டு வர முடியாது.

இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளத்தோடு சேர்த்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்பதுதான் பொருள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களிடையே வாய்மொழிக் கதை உண்டு. சாமை, தினை, கேழ்வரகு விளைவிப்பார்கள். புளி, தேன், கடுக்காய், பலா, சீதா என்று காடும் தோட்டமும் தருவதை மூட்டை கட்டிக் கீழே கொண்டு வருவார்கள்.

அந்த மூட்டை கீழே வர வேண்டும் என்றால் பாதை வேண்டும். பல தலைமுறைகளாக இந்தப் பகுதி மக்களுக்குக் கால்நடைதான் வழி. பிரசவ வலி கண்ட பெண்களை டோலி கட்டித் தூக்கி இறக்கிய மலை இது. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. உடலோடு திரும்பியபோது, ஆம்புலன்ஸ் மேலே போக வழி இல்லாததால், பெற்ற தாயே குழந்தையின் உடலைச் சுமந்து மலையேறினார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அல்லேரி சாலை பற்றி எல்லோரும் பேசினார்கள்.

ஒரு மலைப்பாதை சுற்றுலா வருபவருக்கு 'வியூ பாயின்ட்'. அங்கே வாழ்பவருக்கு அது உயிர். பீஞ்சமந்தைக்கு ஏறும்போது பின்னால் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால், புகைப்படத்தை நிறுத்திவிட்டு முதலில் ஒதுங்கி வழி விடுங்கள். அதில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

மாலைக்குள் இறங்கி, ஆசனாம்பட்டு வழியாக ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறிவிடுங்கள். ஒரே மலைதான். ஆனால் 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு பீஞ்சமந்தை வேலூர் மாவட்டம், புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் முன்பு போலவே திருவண்ணாமலை மாவட்டம். இந்தப் பயணத்தில் மூன்று மாவட்ட எல்லைக்குள்ளும் போய் வந்துவிடுவீர்கள். ஜமுனாமரத்தூரில் தங்கும் இடங்கள் குறைவு. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போவது நல்லது.

சனி காலை: வாலியர் வீடு

வெயில் ஏறும் முன் கீழ்செப்பிளிக்குப் போய்விடுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி இந்தப் பயணத்திலேயே மிகப் பயனுள்ள செலவாக இருக்கும்.

பலகை மாதிரியான கற்களைச் செங்குத்தாக நான்கு பக்கமும் நட்டு, மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாகப் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான். சாந்து இல்லை, ஆணி இல்லை, செதுக்கிய பூ வேலை எதுவும் இல்லை. கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மேலே இருக்கும் கூரையின் பாரத்தில் அசையாமல் நிற்கின்றன. சிலவற்றில் முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். தொல்லியலில் அதற்கு 'இடுதுளை' என்று பெயர். குழந்தை ஒன்று தவழ்ந்து போகலாம். பெரியவர் நுழைவது கஷ்டம். 'குள்ளர் வீடு' கதை பிறந்தது இந்தத் துளையைப் பார்த்துத்தான் இருக்கும்.

பெயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்னக் குறிப்பு. தரைக்கு மேலே நிற்பது கல்திட்டை. பாதியோ முழுவதுமோ மண்ணுக்குள் புதைந்திருப்பது கல்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தால் கல்வட்டம். ஒற்றையாக நட்ட நெடுங்கல் குத்துக்கல். எல்லாமே இறந்தவர்களுக்காக உயிரோடு இருந்தவர்கள் செய்தவை. மொத்தமாகப் பெருங்கற்காலச் சின்னங்கள் என்பார்கள்.

கேரளத்தின் மறையூரில் இதே போன்ற கல்திட்டைகளை முனிவர்கள் இருந்த 'முனியறை' என்கிறார்கள். வேறு பல ஊர்களில் வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய 'பாண்டவர் வீடு'. மத்தியதரைக் கடலின் இன்னொரு தீவுக் கூட்டமான மால்டாவில், பெரும் பெரும் பாறைகளால் 5,500 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கோயிலுக்கு 'ஜகன்டியா' என்று பெயர். ராட்சதர்களின் இடம் என்று அர்த்தம். கல் ரொம்பப் பெரிதாக இருந்தால் ராட்சதர், வாசல் ரொம்பச் சின்னதாக இருந்தால் குள்ளர். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் செய்தார்கள் என்று மட்டும் யாரும் நம்பத் தயாராக இல்லை.

ஆனால் செய்தது சாதாரண மனிதர்கள்தான். அந்தக் கூரைக்கல்லைப் பாருங்கள். கிரேன் இல்லாத காலத்தில், பாறையில் விரிசல் கண்டுபிடித்து, பலகையாகப் பெயர்த்து, மரத்தடி உருட்டிக் கொண்டு வந்து, சாய்வாக மண் கொட்டி மேலே ஏற்றியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் மட்டும் செய்யக்கூடிய வேலை இல்லை. ஊரே கூடியிருக்கும். கூடியவர்களுக்குச் சோறு போட விளைச்சலும் இருந்திருக்கும். இறந்தவர் ஒருவருக்காக இத்தனை பேர் இத்தனை நாள் உழைத்தார்கள் என்றால், அந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொண்டே அந்த நிழலில் சற்று உட்காரலாம். கல்லின் மேல் மட்டும் ஏற வேண்டாம்.

மண்ணுக்குள்தான் கதை

'எத்தனை வருஷம் பழசு?' என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பி இது எப்போது நட்டது என்று கார்பன் முறையில் கண்டுபிடிக்க முடியாது. கரித்துண்டு, எலும்பு, தானியம் என உயிருள்ள பொருளிலிருந்து வந்த ஏதாவது ஒன்று வேண்டும். அது கல்லுக்குக் கீழே மண்ணில் இருக்கும். மண்ணில் எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். அப்போதுதான் காலம் சொல்ல முடியும்.

பக்கத்து மாவட்டங்களில் இது நடந்திருக்கிறது. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடங்களும், அதற்கு மேலே பெருங்கற்கால மக்கள் வாழ்ந்த தடங்களும் அடுத்தடுத்த அடுக்குகளில் கிடைத்தன. கூடவே கருகிய கொள்ளும் பச்சைப்பயறும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் நம்ம ஊர் அடுப்பில் கொள்ளு வெந்திருக்கிறது! கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு, கி.மு. 2172-லேயே தமிழ் நிலத்தில் இரும்பு புழங்கியதைக் காட்டியதாக 2022-ல் அறிவிப்பு வந்தது. ஒரு சிறு கரித்துண்டு வரலாற்றுப் புத்தகத்தையே திருத்தி எழுத வைக்கிறது.

இப்போது கீழ்செப்பிளியிலும் மற்ற மலை ஊர்களிலும் உள்ள கல்திட்டைகளுக்கு வருவோம். 'உள்ளே புதையல் இருக்கிறது' என்ற பேச்சு எங்கெல்லாம் பரவுகிறதோ, அங்கெல்லாம் கடப்பாரை வருகிறது. கூரைக்கல்லை உருட்டிவிட்டு உள்ளே தோண்டுகிறார்கள். அவர்கள் தேடும் தங்கப் பானை அங்கே இருக்கப்போவதில்லை. இருப்பது பானை ஓடு, துருப்பிடித்த இரும்பு, மணி, எலும்புத் துகள், கரி. தோண்டியவர் அதை 'ஒண்ணுமில்லை' என்று அள்ளி வெளியே வீசுகிறார். அந்த 'ஒண்ணுமில்லை'தான் எல்லாமே. கல்லைத் திரும்ப நிறுத்திவிடலாம். கலைந்த மண் அடுக்கைத் திரும்ப அடுக்க ஒரு விஞ்ஞானியாலும் முடியாது.

இன்னொரு பக்கம், பலகைக் கல் என்பது பார்த்த மாத்திரத்தில் பயன்படுகிற பொருள். வாய்க்கால் மேல் போடலாம், துணி துவைக்கப் போடலாம், வீட்டு வாசற்படி ஆக்கலாம். நிலத்தைத் திருத்தி உழும்போது இடைஞ்சல் என்று தள்ளி வைக்கலாம். ஏழை விவசாயி ஒருவர் அப்படிச் செய்தால் அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அது என்ன என்று யாரும் போய்ச் சொல்லவில்லையே!

சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு பழமை வாய்ந்த வரலாற்றுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் களங்கள் சட்டம் 1966-ல் வந்தது. அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடத்தைச் சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆனால் ஒரு மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் கற்களுக்கு வேலி போட்டுக் காவலாளி நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை. அங்கே வாழ்பவர்கள் மனது வைத்தால்தான் காக்க முடியும்.

மனது வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மலையிலேயே சாட்சி உண்டு. ஜவ்வாது மலையின் சில ஊர்களில், மரத்தடியிலோ கோயில் முன்போ வழவழப்பான கற்களைக் குவித்து வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிடுகிறார்கள். அவை புதிய கற்காலக் கைக்கோடாரிகள்! ஏர் உழும்போது கிடைத்த கல்லின் வடிவத்தைப் பார்த்து, இது சாதாரணக் கல் இல்லை என்று யாரோ ஒரு பாட்டன் புரிந்துகொண்டு சாமியாக்கிவிட்டார். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டியவை, தலைமுறை தலைமுறையாகத் தொலையாமல் இருக்கின்றன. மலைக்குத் தெற்கே செங்கம் பக்கம் போனால் நடுகற்களை 'வேடியப்பன்' என்று வணங்குகிறார்கள். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த வீரர்களுக்காகப் பல்லவர் காலத்தில் நட்ட கற்கள் அவை. அதில் எடுத்தனூர் நடுகல் ரொம்ப விசேஷம். கள்ளர்களோடு போரிட்டுக் காவல் காத்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் மகேந்திரவர்மன் காலத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாய் வளர்ப்பவர்கள் கண் கலங்காமல் இந்தச் செய்தியைக் கடக்க முடியாது.

சனி மாலை: காவலூர் வானம்

வெள்ளிக்கிழமை கிளம்பச் சொன்னதற்கு இரண்டாவது காரணம் இது. காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தைப் பொதுமக்கள் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் அனுமதி. இரவு வானம் பார்க்கும் வாய்ப்பு மேகத்தையும் அன்றைய ஏற்பாட்டையும் பொறுத்தது. கிளம்பும் முன் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். நகர வெளிச்சம் எட்டாத காடு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். இதையெல்லாம் பார்த்துத்தான் விஞ்ஞானி வைணு பாப்பு 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை ஆரம்பமானது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதை உலகம் கண்டுகொண்ட அந்த நிகழ்வை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் சூட்டினார்கள். 1988-ல் இங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் கணிதமேதை ராமானுஜன்.

இங்கேயும் கல்திட்டைக் கதைதான். காவலூரின் சொத்து கண்ணாடியும் இரும்பும் மட்டுமில்லை, இருட்டும்தான். சுற்றி ஒளி பெருகப் பெருக மங்கலான நட்சத்திரங்கள் கண்ணில் படாமல் போகும். மலையில் தங்கும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் வானத்தைப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைகள் பலர் பால்வெளியை முதன்முதலாகப் பார்ப்பது இந்த மாதிரி ஓர் இரவில்தான்.

ஞாயிறு: அருவியும் படவேடும்

காலையில் ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் படகு. அடுத்து பீமன் மடவு அருவி. கோடையில் போய்விட்டு 'தண்ணியே இல்லை' என்று குறை சொல்ல வேண்டாம். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் அருவிக்கு உயிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் எலும்பு வரை வரும். ஸ்வெட்டர் முக்கியம்.

பிறகு போளூர் பக்கமாக இறங்கி, சந்தவாசல் வழியாகப் படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்குத்தான் பெரும்பாலும் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் 14-ம் நூற்றாண்டில் இது சம்புவராய மன்னர்களின் தலைநகரம். விஜயநகரப் படையோடு குமார கம்பணர் வந்து வென்ற இடம். பரபரப்பான தலைநகரம் ஒன்று இன்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கோயில்களாகவும் இடிபாடுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. ராஜகம்பீரன் மலையை நிமிர்ந்து பார்த்தால், தலைநகரை ஏன் இங்கே வைத்தார்கள் என்று புரியும். மூன்று பக்கமும் மலைதான் மதில்.

அங்கிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர். பொழுது இருந்தால் கோட்டைக்குள் நுழைந்து ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமல் இருந்த கோயில் அது. 1981-ல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்ததும் இதே கோட்டைதான்.

போவதால் யாருக்கு லாபம்?

இந்த மலைக்கு இன்னொரு துயரமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொன்னார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். அந்த ஆபத்து தெரிந்தும் மனிதர்கள் ஏன் போனார்கள்? ஊரில் வேலை இருந்தால் யாரும் மலை தாண்டி, மாநிலம் தாண்டிப் போவதில்லை.

சார்டீனியாவுக்குத் திரும்புவோம். அங்கே ஊர் ஊராக அந்தக் குட்டிக் கல்லறைகளை எண்ணிக் கணக்கெடுத்தார்கள். எது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தார்கள். பிறகுதான் யுனெஸ்கோ வாசலுக்குப் போனார்கள். நம் பக்கத்தில், கர்நாடகத்தின் ஹிரேபெணகல் பெருங்கற்காலக் களம் 2021-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தது. ஜவ்வாது மலைக்கும் முதல் படி எண்ணுவதுதான். எத்தனை கல்திட்டைகள், எந்தக் கிராமத்தில், என்ன நிலையில் என்ற முழுக் கணக்கு வேண்டும். அந்த வேலையை மலையிலேயே பிறந்து படித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்ய வைக்கலாம். எண்ணியவர்களே பின்னாளில் வழிகாட்டிகளாக ஆகலாம். 'வாலியர் வீடு' ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் என்றால், அந்தக் கல்லைப் பெயர்க்க வருபவனை முதலில் தடுப்பது அந்தக் குடும்பம்தான்.

அது நடக்கும் வரை, போகிற நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. சாப்பாட்டை நகரத்திலிருந்து பொட்டலம் கட்டிப் போகாமல் மலையிலேயே சாப்பிடுங்கள். சாமைச் சோறு கேளுங்கள். தேனும் புளியும் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாமல். சந்தையில் ஆட்டு வியாபாரி பேசட்டும், அது அவர் தொழில்!

கவனத்துக்கு

* ரயிலில் வருபவர்கள் காட்பாடி அல்லது ஆம்பூரில் இறங்கலாம். மலைக்கு மேல் பேருந்துகள் குறைவு. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வசதி.
* எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரொக்கப் பணம் அவசியம். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.
* காட்டுக்குள் நடைப்பயணம் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 குரங்கணி தீ விபத்தை மறந்துவிட வேண்டாம். தீ மூட்டக் கூடாது.
* கல்திட்டைகளின் மேல் ஏறுவது, பெயர் எழுதுவது, உள்ளே கிளறுவது, பானை ஓடு ஒன்றை 'ஞாபகார்த்தமாக' எடுத்து வருவது எல்லாமே கூடாது.
* மரத்தடிக் கற்கோடாரிகள் ஊரார் கும்பிடும் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.
* புதிதாகத் தோண்டிய குழியோ, புரட்டிப் போட்ட கூரைக்கல்லோ கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து, இடத்தின் பெயரோடு கிராம நிர்வாக அலுவலருக்கோ மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ தெரிவியுங்கள். அந்த இடத்தை 'புதையல் தோண்டிய இடம்' என்று ரீல்ஸ் போட வேண்டாம். அதைப் பார்த்து அடுத்த கடப்பாரை கிளம்பும்.